ஆளுயரத்துக்கு மேல் வளராது

மரம் குட்டையாகியிருந்தது.

கண் விழித்து ஜன்னலைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுவரை ஜன்னல் கம்பியின் நாலாவது குறுக்குப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்த உச்சிக் கொழுந்து இன்று அதற்கு இரண்டு அங்குலம் கீழே நின்றது. ஒடிந்திருந்தால் ஒடிந்த இடம் வெளுத்துத் தெரியும். வெட்டியிருந்தால் காயம் இருக்கும். இரண்டும் இல்லை. கொழுந்து கொழுந்தாகவே, பனி கோத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. மரம் வளரும், சாயும், பட்டுப்போகும். எந்த ஊரிலாவது மரம் குறையுமா?

வேறு யாராவது சொன்னால் கண் மயக்கம் என்று தள்ளிவிடலாம். அவள் முப்பத்திரண்டு வருஷம் தையல் கடை நடத்தியவள். கடை வாசலில் ஆள் செருப்பைக் கழற்றும்போதே தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று மனசுக்குள் எழுதிவிடுவாள். அப்புறம் டேப்பை வைத்து அளப்பதெல்லாம் வந்தவர்களின் திருப்திக்குத்தான். கால் அங்குலம் தப்பியதில்லை. பக்கவாதம் அவளுக்கு இரண்டு தடவையாக வந்தது. முதல் தடவை வலது பக்கத்தையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனது. அடுத்த தடவை இடது பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, மூன்று விரல்களை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்தது. கண்ணை ஒன்றும் செய்யவில்லை.

அந்தக் கண்ணுக்காகத்தான் அவள் புருஷன் மரம் வாங்கி வந்தார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷர். வாய் ஓயாது. சின்ன முற்றம், ஈரச் சுவர், துணிக்கொடி, இதையே எத்தனை நாள் பார்ப்பாள் பாவம் என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. தோட்ட வேலை செய்கிற ஒருவரைக் கூட்டி வந்தார். எதைப் பார்த்தாலும் நறுக்கக் கை துறுதுறுக்கும் அந்த ஆளுக்கு ஊரே வைத்த பெயர் கத்திரி.

“வருஷம் பூரா ஏதாவது ஒண்ணு இருக்கும் அண்ணே,” என்றார் கத்திரி, சாக்கில் கட்டிய வேர்மண்ணைக் குழிக்குள் இறக்கிக்கொண்டே. “பூ முடிஞ்சா செம்புக் கலர்ல இலை. இலை கொட்டுனா செவப்புக் காய். காயும் போச்சுன்னா பட்டை உரியும், அது ஒரு தனி அழகு. அக்காவுக்குப் போரே அடிக்காது.”

“ரொம்ப வளந்து ஜன்னலை மறைச்சிராதே?”

“ஆளுயரத்துக்கு மேல வளராது.”

“எந்த ஆளு? என்னை மாதிரியா, அவளை மாதிரியா?” அவர் ஆறடி. அவள் ஐந்தடி ஒரு அங்குலம். நாற்பது வருஷமாக அந்த வீட்டில் ஓடிய கிண்டல் அது.

கத்திரி ஜன்னல் வழியே அவளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். “அக்கா மாதிரின்னே வச்சுக்குங்களேன்.”

பிறகு இரண்டு பேரும் மரத்தைக் குழிக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். மரத்துக்கும் முகம், முதுகு உண்டாம். எந்தப் பக்கம் கிளை நன்றாக விரிந்திருக்கிறதோ அதுதான் முகமாம். அதைப் பார்க்கிறவர் பக்கம் திருப்பி நடவேண்டுமாம். ஜன்னலுக்கு நேராக அதன் முகம் வந்ததும் கத்திரி மூன்று கழி ஊன்றி, மெத்தென்ற நாடாவால் தண்டை இழுத்துக் கட்டினார். “ஒரு வருஷத்துக்கு ஆடக் கூடாது அண்ணே. ஆடுச்சுன்னா வேர் பிடிக்காது.”

வாரம் இரண்டு தடவை வந்த பிசியோ டாக்டரம்மா நேர் எதிராகச் சொல்வாள். “அசையணும்மா. எவ்வளவுக்கு எவ்வளவு அசையறீங்களோ அவ்வளவுக்கு நல்லது.” அவள் அதட்டலைப் பார்த்து அவர் அவளுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பெயர் வைத்திருந்தார்.

பூத்த காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைப் பூ, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வாசனைதான் ஒரு மாதிரி. ஈரத் துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் எழும் ஆவி வாசனை, அதில் கொஞ்சம் மிஷின் எண்ணெய். கடை ஞாபகத்தில் நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். இலை செம்பு நிறத்துக்கு மாறிய வாரம், மரம் இரண்டு அங்குலம் குறைந்தது. அடுத்த வாரம் இன்னும் ஒரு அங்குலம். ஐந்தடி ஒரு அங்குலத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் குறையவில்லை.

ஒரே பக்கம் படுத்தால் முதுகு புண்ணாகும் என்று அவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவளைப் புரட்டிப் படுக்கவைப்பார். அவள் சுவரைப் பார்த்துக் கிடக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், பட்டப்பகலில், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போக, அடுப்படியில் குக்கர் விசில் அடிக்க, அதற்கெல்லாம் அடியில் முற்றத்திலிருந்து அந்தச் சத்தம் வரும். டிக். டிக். டிக். பிளேடு முனையால் தையல் பிரிக்கும்போது நூல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும் சத்தம். உலகத்தில் எந்தச் சத்தத்தை அவள் மறந்தாலும் அதை மறக்கமாட்டாள். மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டதும் பார்ப்பாள். ஒரு கிளை கொஞ்சம் உள்ளே வந்திருக்கும். ஒன்று கொஞ்சம் இறங்கியிருக்கும். சட்டையைப் பிடித்துத் தைப்பது போல, பிரித்து விடுவது போல, யாரோ சாவகாசமாக உட்கார்ந்து திருத்தியிருப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் கண் ஒரு இடத்தில் நின்றது. தண்டிலிருந்து இரு பக்கமும் பிரிந்த இரண்டு பெரிய கிளைகளில் அதன் இடப்பக்கக் கிளை அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. முப்பத்திரண்டு வருஷம் மிஷின்மேல் குனிந்ததில் அவளுடைய இடது தோளும் அரை அங்குலம் இறங்கிப்போனது. கூடப் படுத்தெழுந்த புருஷனுக்கே அது தெரியாது. தன் சட்டைக்கு மட்டும் இடப்பக்கம் அரை அங்குலம் குறைத்து வெட்டிக்கொள்வாள், யாரிடமும் சொன்னதில்லை. தோளுக்குத் தோள் பதினாலு. தோளிலிருந்து மணிக்கட்டு இருபத்தொன்று. கண்ணாலேயே அளந்துகொண்டு போனாள், எல்லாம் சரியாக இருந்தது. சிலர் புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க நேரில் வரமாட்டார்கள், பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். அளவுச் சட்டை. இந்தக் கட்டிலில் விரித்துப் போட்டிருக்கிற அளவுச் சட்டை தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. கத்தவேண்டும் போல இருந்தது, தொண்டையில் காற்றுகூட அசையவில்லை.

அதற்குப் பிறகு அவள் மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது அசையாது. இமைக்கிற நேரத்தைக்கூட மிச்சம் பிடித்தாள்.

அந்த மனுஷர் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். “கண்ணை எடுக்கிறாளா பாரு! கட்டின புருஷனைக்கூட இப்படிப் பாத்ததில்ல,” என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் பெருமை அடித்தார்.

கண் சிமிட்டலில் பேசுவதற்கு அவரே ஒரு பாஷை வைத்திருந்தார். பஸ்ஸில் கண்டக்டர் மணி அடிப்பது போல, ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவளுடைய வலது இமை பாழாய்ப்போனது. அலுத்துவிட்டால் ஒரு தடவை மூடித் திறந்த கையோடு தானாகவே இன்னொரு தடவை படபடக்கும்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு எழுத்து அட்டை கொண்டுவந்து தந்த அன்று அவளுக்கு உயிர் வந்தது. அவர் பென்சிலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். ‘ம’ வந்ததும் இரண்டு சிமிட்டல். மறுபடி முதலிலிருந்து. ‘ர’ வந்ததும் இரண்டு சிமிட்டல். மரத்தை வெட்டுங்கள். அவ்வளவுதான் சொல்லவேண்டும். இன்னும் எட்டு எழுத்து.

“மரம்!” என்று அவர் பென்சிலைக் கீழே போட்டார். அவள் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அதைத் தானே முடித்துவைக்கிற பழக்கம் அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து உண்டு. “இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்? கிட்டக்க பாக்கணும், அதானே?”

ஒரு சிமிட்டல். நிறுத்து. உயிரைக் கொடுத்து ஒரே ஒரு தடவை. மூடினாள், திறந்தாள். இமை படபடத்தது.

“ரெண்டு! போலாம், ரைட்!” அவர் கட்டிலின் சக்கரப் பூட்டை விடுவித்து, தரையெல்லாம் கிறீச்சிட, ஜன்னலோடு ஒட்டத் தள்ளினார். அடப் பாவி மனுஷா, என்று அவள் உள்ளுக்குள் அழுதாள். கண்ணில் நீர் வந்தது. அவர் அதைத் துண்டால் ஒற்றி எடுத்து, “சந்தோஷத்தைப் பாரு,” என்றார்.

அதோடு விட்டாரா? சுவர்ப் பக்கம் திரும்பினால் போரடிக்குமே என்று, ரிட்டயர் ஆனபோது டிப்போவில் ஞாபகார்த்தமாகக் கொடுத்த பஸ் கண்ணாடியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். இனி இந்தப் பக்கம் படுத்தாலும் கண்ணாடியில் மரம் தெரியும். அவளுக்கு முதலில் ஆறுதலாகக்கூட இருந்தது, இரண்டு பக்கமும் காவல் காக்கலாமே என்று. ஆனால் கண்ணாடிக்குள் தெரிந்தது வேறு. தினமும் கடையைத் திறந்ததும் ஆளுயரக் கண்ணாடியில் ஒரு தடவை தன்னைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொள்வாளே, அந்த உருவம். அந்த நிற்பு. தாழ்ந்த தோள்கூட அதே பக்கம். இலை மட்டும்தான் அதிகப்படி.

அந்த இலையும் கொட்டியது. காய் சிவந்தது. அவளுடைய மூன்று விரல்களில் முதலில் சுண்டு விரல் போனது, நாலு நாள் கழித்து மோதிர விரல், அடுத்த வாரம் நடு விரல். போன போன நாளில் இடக்கிளையின் நுனியில் ஒரு குச்சி புதிதாக நீட்டிக்கொண்டிருந்தது.

“போன மாசம் நல்லா அசைச்சாங்களே,” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்பா, இங்க ஒரு தழும்பு இருந்துதுல்ல? பிறை மாதிரி?”

“இஸ்திரிப் பெட்டி சுட்டது. எண்ணெய் தேய்ச்சுத் தேய்ச்சு மறைஞ்சிருக்கும். நம்ம கைராசி அப்படி.”

குளிர் வந்தது. பட்டை உரியத் தொடங்கியது. மெல்லிசாக, சுருள் சுருளாக, சத்தமில்லாமல். உள்ளே புதுத் தோல் பழுப்பாக, மழமழவென்று, அவள் நிறத்தில் இருந்தது. இடக்கிளையில் முழங்கைக்குக் கீழே, அவள் இப்போது அதை முழங்கை என்றுதான் நினைத்தாள், ஒரு சுருள் காற்றில் ஆடி ஆடிக் கழன்று விழுந்தது. அடியில் வெளுப்பாக ஒரு பிறை.

அதற்குப் பிறகு மூன்றாம் நாள் காலை பத்து மணி, நல்ல வெயில். ஹெட்மிஸ்ட்ரஸ் அவள் காலை நீவிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அம்மா! அசைச்சீங்களா? இன்னொரு தடவை அசைங்க!”

வலது கால் பெருவிரல் இன்னொரு தடவை அசைந்தது.

அவள் அசைக்கவில்லை.

அவர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். அதற்குள் செத்துக் கிடந்த வலது கை போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தது. துணி எப்படி, நெசவு எப்படி, சாயம் போகுமா என்று பார்க்கிற தேய்ப்பு.

“துணி பாக்கிறா!” அவர் கரண்டியைக் கீழே போட்டார். “என் டெய்லரம்மா துணி பாக்கிறா!” கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்து, பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். அந்தக் கை அவர் தலைமேல் போய் உட்கார்ந்தது. தடவிக் கொடுத்தது. அது தன் கை இல்லை, எடுத்துப் போடுங்கள், எடுத்துப் போடுங்கள் என்று அவள் கண்ணால் கதறினாள். நிறுத்து. நிறுத்து. நிறுத்து. அவர் தலை நிமிரவே இல்லை.

மிச்சம் இருந்தது கண் மட்டும். அதை அவள் விடவில்லை. மூடினால் போயிற்று என்று தெரியும். ஒரு பகல். ஒரு இரவு. இன்னொரு பகல். கண் கோவைப் பழமாகச் சிவந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் அது நின்றது. நாடா கட்டிய தண்டு. பழுப்புத் தோள். அசையவில்லை. அதற்கு அவசரமே இல்லை.

“ஏம்மா, கண்ணு இப்படிக் காஞ்சு கெடக்கே.” அவர் சொட்டு மருந்தோடு வந்து நின்றார். “மூடவே மாட்டேங்கற. மருந்து விட்டு அஞ்சு நிமிஷம் பஞ்சு வச்சு மூடணுமாம். அஞ்சே நிமிஷம்.”

ஒரு சிமிட்டல்.

படபடப்பு.

“ரைட்டு,” என்றார் அவர், அத்தனை பிரியமாக.

ஜில்லென்று ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. ஈரப் பஞ்சு. இருட்டு. அவருடைய விரல்கள் இமைமேல் லேசாக அழுத்திக்கொண்டிருந்தன.

டிக்.

முற்றத்தில் இல்லை.

டிக். டிக். அக்குளில். விலாவில், ஓரத் தையல் போகிற இடத்தில். பிடரியில். ஒவ்வொரு நூலாக. வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை. கழுத்தைச் சுற்றி வந்தது. தாடை. நெற்றி. இமை ஓரம்.

டிக்.

குளிர்.

காற்று. திறந்த வெளிக் காற்று, எல்லாப் பக்கமும். கால்களை ஈர மண் இறுக்கிப் பிடித்திருந்தது. இடுப்பில் நாடா. எதையோ போட்டுவிட்டிருந்தார்கள். தோள் பதினாலு. கை இருபத்தொன்று. இடப்பக்கம் அரை அங்குலம் தாழ. எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொளதொளக்கவில்லை. கால் அங்குலம் தப்பாமல் அவளுக்கென்றே தைத்தது.

மூட இமை இல்லை. அதனால் பார்த்தாள். கம்பி போட்ட ஒரு ஜன்னல். உள்ளே சுவரில் பஸ் கண்ணாடி. கட்டில். அவர் பஞ்சை எடுத்தார். கட்டிலில் கிடந்த பெண் கண் திறந்தாள். நிதானமாக ஒரு தடவை இமைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, “என்னங்க,” என்றாள்.

வீடே அல்லோலகல்லோலப்பட்டது. யார் யாரோ வந்தார்கள், யார் யாரோ அழுதார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் தன் சர்வீஸிலேயே இப்படிப் பார்த்ததில்லை என்றாள். பத்தாம் நாள் கட்டிலில் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். இருபதாம் நாள் சுவரைப் பிடித்து நடந்தாள். அவர் பத்து வயது குறைந்தாற்போல் வளைய வந்தார். இரவெல்லாம் பேச்சுச் சத்தம், சிரிப்புச் சத்தம். நாற்பது வருஷக் கிண்டல் ஒன்று பாக்கியில்லாமல் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மொட்டு விடுகிற காலத்தில் ஒரு காலை, பின்கதவு திறந்தது. அவரும் கத்திரியும் வந்தார்கள். பின்னாலேயே அவள், கழுத்தில் டேப், வாயோரத்தில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு. இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. மரத்தின் முன்னால் வந்து நின்று, தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். டேப்பைத் தொடவே இல்லை.

“இந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலா இருக்கு,” என்றாள் ஊசிகளுக்கு நடுவே. “பிடிச்சிடலாம்.”

“எதுவரைக்கும் அக்கா?”

அவள் விரலால் காட்டினாள். முழங்கைக்குக் கீழே, வெளுத்த பிறைக்கு மேலே.

“பாவம், அவ்வளவு ஆசையாப் பாத்துக்கிட்டு இருந்தியே,” என்றார் அவர். குரலில் நிஜமான தயக்கம் இருந்தது. கையைக் கிளைமேல் வைத்தார். அந்தக் கையின் சூடு மரத்துக்குள் நிற்கிறவளுக்குத் தெரியும், நாற்பது வருஷமாகத் தெரியும். “என்ன மரமே, வெட்டலாமா? நீயே சொல்லு.”

காற்றே இல்லை. அவளுக்கென்று மிஞ்சிய எல்லாவற்றையும் ஒன்றுதிரட்டினாள். நுனிக் குச்சியில் அன்றைக்குத்தான் விரிந்திருந்த ஒரே ஒரு இலை. அதற்குள் போனாள். தள்ளினாள்.

இலை ஒரு தடவை அசைந்தது.

அவர் முகம் மாறியது. ஏதோ ஞாபகம் வந்தவர்போலக் கிட்டத்தில் குனிந்தார். என்னங்க. நான்தாங்க. என்னங்க.

குண்டூசிகளைக் கவ்விய வாய் மெதுவாக ஊதியது. இலை இன்னொரு தடவை படபடத்தது.

“ரெண்டு!” அவர் கைகொட்டிச் சிரித்தார். “போலாம், ரைட்!”

கத்திரி நாடாவை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினார், வெட்டும்போது ஆடக் கூடாது என்று. பிறகு வாயகன்ற வெட்டுக்கத்திரியை எடுத்துச் சட்டையில் துடைத்து, அந்த இடத்தில் பொருத்தினார்.